மாத்திரை தரும் அசதி

கேள்வி: வயது 62. ஆறு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். வளவைப் பெருக்கி முடிப்பதற்குள் அடித்துப்போட்டதுபோல் ஆகிவிடுகிறது. மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?
– ஓர் ஆச்சி, காரைக்குடி

பதில்: நீங்களாக நிறுத்தவே வேண்டாம், ஆச்சி. திடீரென நிறுத்தினால் அடங்கியிருந்த இதயம் வேகமெடுத்து, நெஞ்சுவலியோ மறுபடி மாரடைப்போ வரக்கூடும்.

உங்கள் அசதி கற்பனையல்ல. இது பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. அட்ரினலின் இதயத்தை விரட்டாமல் இது தடுக்கிறது. அதனால் வேலைக்கேற்பத் துடிப்பு ஏறுவதில்லை. உடம்பு சீக்கிரம் தளர்கிறது. பலருக்குச் சில வாரங்களில் பழகிவிடும். ஆறு மாதமாகியும் தொடர்வதால் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

ஒரு வாரம், காலையில் எழுந்ததும் மணிக்கட்டில் விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக நாடியை எண்ணி, காலண்டர் தாளில் குறித்து வாருங்கள். 50-க்குக் கீழே போனாலோ தலை சுற்றினாலோ வாரம் முடியக் காத்திருக்காதீர்கள். அந்தத் தாளைப் பார்த்தால், அளவைக் குறைப்பதா, இரவுக்கு மாற்றுவதா, வேறு மாத்திரையா என்று டாக்டர் முடிவெடுக்க வசதி. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். பழியை மாத்திரைமேல் போட்டு, இரத்தசோகையைக் கவனிக்காமல் விடுவது நடக்கிறது.

அதுவரை முகப்பை ஒரு நாள், வளவை ஒரு நாள் பெருக்குங்கள். நடுவே தூணில் சாய்ந்து ஐந்து நிமிடம் உட்காருங்கள். டாக்டர் சொன்ன நடைப்பயிற்சியை மட்டும் விடாதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கால் வீக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.