விற்பனைக்கூடமும் விரிதாளும்

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்கு நெல்லும் மணிலாவும் மூட்டை மூட்டையாக வந்து சேர்கின்றன. நாட்டின் பல சந்தைகளது வரத்தையும், குவிண்டாலுக்குரிய குறைந்த, கூடிய, பெரும்பான்மை விலைகளையும் நடுவண் அரசின் அக்மார்க்நெட் தளம் நாள்தோறும் வெளியிடுகிறது. அவ்விலைகளைப் படியெடுத்து விரிதாளில் ஒட்டினால், அவை ஒட்டிய நாளோடு நின்றுவிடும். நேற்றைய விலையை நம்பி வண்டியேற்றும் உழவர்க்கு இது சிறு பிழையன்று.

மாறாக, இணையவழித் தரவுத்தளத்தோடு விரிதாளை இணைத்துவிட்டால், புதுப்பிக்குந்தோறும் புதிய மதிப்புகள் வந்தமரும். எக்செல் மென்பொருளில் ‘பவர் குவரி’ என்னும் கருவி இப்பணியைச் செய்கிறது. ஆயின், இது ஒருவழிப் பாதை. தாளில் ஓர் எண்ணைத் திருத்தினால் தரவுத்தளம் மாறுவதில்லை. அடுத்த புதுப்பித்தலில் அத்திருத்தமும் அழிந்துவிடும். ஆதலின் வண்டிக்கூலி, சாக்குவிலை முதலிய சொந்தக் கணக்குகளைத் தனித்தாளில் எழுதுதல் வேண்டும்.