முதலில் காகிதம், பிறகு பணம்

கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றோ சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்றோ தெரியவந்ததும், உற்றார் உறவினருக்கு முதலில் தோன்றுவது கையில் கொஞ்சம் பணத்தைத் திணிப்பதுதான். அந்த அன்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் அப்படி ஒரு தம்பதிக்கு நீண்ட காலம் துணை நின்றவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: பணத்துக்கு முன்பாக அவர்களுக்குத் தேவை, காகிதங்களைப் படித்துப் பார்த்து பில்லிங் கவுன்டரில் நின்று பேசக்கூடிய ஓர் ஆள். நோய் தரும் செலவு ஒரு பக்கம் இருக்க, அட்மிஷன் போட்ட அன்று யாரும் கேட்காமல் விட்ட கேள்விகளால் ஏறும் செலவும் ஒன்று இருக்கிறது. முன்னதை நம்மால் தடுக்க முடியாது. பின்னதைத் தடுக்க முடியும்.

அதில் குடும்பத்தையே சாய்த்துவிடும் தவறு ஒன்று உண்டு. ரொக்கம் கட்டிச் சேர்த்துவிட்டு, "காப்பீட்டையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுவதுதான் அது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றும் இருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். திட்டப் பட்டியலில் உள்ள மருத்துவமனை முன்ஒப்புதல் வாங்கிச் சிகிச்சை தந்தால்தான் பலன். பட்டியலில் இல்லாத இடத்தில் கட்டிய ரொக்கத்துக்கு ரசீதை நீட்டிப் பணம் கேட்க முடியாது. பிரதமரின் தேசிய நிவாரண நிதியும் அப்படித்தான்: மருத்துவமனை தரும் எஸ்டிமேட்டை வைத்து, இனி ஆகப்போகும் செலவுக்குத்தான் உதவி, ஏற்கெனவே கட்டியதைத் திருப்பித் தராது. ஆக, இந்த இரண்டு கதவுகளும் முன்பக்கம்தான் திறக்கின்றன. கட்டிவிட்டு வருபவருக்கு இரண்டும் திறப்பதில்லை.

தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் காகிதத்தை முதலில் படித்தாக வேண்டும். பல பாலிசிகளில் அறை வாடகைக்கு வரம்பு உண்டு. காப்பீட்டுத் தொகையில் நாளொன்றுக்கு ஒரு சதவீதம் என்பது பழக்கமான வரம்பு. 3 லட்சம் பாலிசிக்கு 3,000 ரூபாய். பார்க்க வருகிறவர்கள் முன் கௌரவமாக இருக்கட்டும் என்று யாரோ சொல்ல, 6,000 ரூபாய் அறை எடுக்கிறார்கள். கூடுதல் வாடகையை மட்டும் கைக்காசாகக் கட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. டாக்டர் கட்டணம், நர்சிங், ஆபரேஷன் தியேட்டர் என்று அறையை ஒட்டி வரும் செலவுகளும் அதே விகிதத்தில் வெட்டப்படும். அவை 2 லட்சம் என்றால் கம்பெனி தருவது 1 லட்சம். அறையைப் பெரிதாக்கச் சொன்னவர் இரண்டாயிரம் ரூபாயைக் கவரில் வைத்துக் கொடுத்துவிட்டு, உதவி செய்த திருப்தியோடு போய்விடுவார். மீதியைக் கட்ட நகை அடகுக் கடைக்குப் போகும்.

"உயிருக்குப் போராடும்போது காகிதம் தேடச் சொல்கிறாயே" என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. நான் கல்நெஞ்சன் என்றும் சொன்னார்கள். ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒருவர் வேலை, காகிதம் தேடுவது இன்னொருவர் வேலை. இரண்டையும் அழுதுகொண்டிருக்கும் மனைவியின் தலையிலோ கணவனின் தலையிலோ போடுவதுதான் கல்நெஞ்சம். "இலவச சிகிச்சை தரமாக இருக்காது" என்பது அடுத்த ஆட்சேபம். முதலமைச்சர் திட்டத்தின் பட்டியலில் தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடக்கிறது. வருமான வரம்பைத் தாண்டியவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. நடுத்தரக் குடும்பம் மாட்டிக்கொள்வது இங்கேதான். அவர்களும் ஆபீஸ் குரூப் பாலிசி, வருங்கால வைப்பு நிதியிலிருந்து சிகிச்சைக்கு எடுக்கும் முன்பணம், மக்கள் மருந்தகம் இவற்றையெல்லாம் பார்த்த பிறகே வட்டிக்கு வாங்க வேண்டும். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குவதும், பில்லை இனம்வாரியாகக் கேட்பதும் நம் உரிமை.

தம்பதி என்னும்போது இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒருவர் படுத்தால் இரண்டு வருமானம் நிற்கும். நோயாளி இ.எஸ்.ஐ. உறுப்பினராக இரண்டு ஆண்டு வேலை செய்திருந்தால், புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட 34 நோய்களுக்கு, சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்க வழியுண்டு. துணைக்கு இருப்பவருக்கு அப்படி எதுவும் கிடையாது. லீவு தீர்ந்ததும் சம்பளம் போகும், பிறகு வேலையே போகும். அதனால் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு அரைமணி நேரம் வந்து போவதைவிட, வாரத்தில் ஒரு பகல் வார்டில் உட்கார்ந்து அவரை வேலைக்கு அனுப்புவது பெரிய உதவி. வரும் பணத்தை ஒரே ஆள் வாங்கி நோட்டில் எழுதி வைக்க வேண்டும்; கணக்குக் கேட்கும் உரிமை அந்தத் தம்பதிக்கு மட்டும்தான். அவர்கள் சம்மதமில்லாமல் நோயாளியின் படத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு வசூல் செய்வது உதவியாகாது.

ஆகவே அடுத்த முறை கவரில் பணம் வைக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: காப்பீட்டு அட்டை இருக்கிறதா? இந்த மருத்துவமனை அதன் பட்டியலில் இருக்கிறதா? எஸ்டிமேட் கைக்கு வந்துவிட்டதா? மூன்றில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும், உங்கள் பணத்தைவிட உங்கள் ஒரு நாள் உழைப்புதான் அவர்களுக்குத் தேவை. முதலில் அதைக் கொடுங்கள்.