நாப்பழக்கம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலையை அடுத்து ஆவூர் என்னும் சிற்றூர் உளது. மேலைநாட்டுத் துறவியர் தங்கித் தொண்டாற்றிய பழைய ஊர்களுள் இஃது ஒன்று. இத்தாலியில் 1680-இல் பிறந்து, தமிழகம் போந்து, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் ஈண்டுப் பணிபுரிந்தவரே. அவர் இலக்கணமும் அகராதியும் இயற்றியதோடு அமைந்தாரல்லர். தமிழ் பயிலப் புகும் பிறநாட்டார்க்கு உதவுமாறு பரமார்த்த குரு கதையை எளிய வழக்கு நடையில் எழுதி, இலத்தீன் மொழிபெயர்ப்பும் சேர்த்தார். அயன்மொழி கண்ணிற் படிந்தால் மட்டும் போதாது, நாவிலும் புரளவேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அன்று அயலார்க்குத் தமிழ் எவ்வாறோ, அவ்வாறே இன்று நம் சிற்றூர் மாணாக்கர்க்கு ஆங்கிலம். பத்தாண்டு பயின்று, பிழையின்றி விண்ணப்பம் எழுதவல்ல மாணவி, நேர்முகத் தேர்வில் தன் ஊரைப்பற்றி இரண்டு வாக்கியம் சொல்லுமாறு கேட்டால் நாக்குழறி நிற்கிறாள். வேலை கைநழுவிப் போகிறது. இஃது அறியாமையன்று, பழக்கமின்மையே. நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் நாற்பது நிமிடப் பாடவேளை. ஆசிரியர் வாய் திறவாதிருந்தாலும் ஒருவர்க்கு ஒரு நிமிடமே கிட்டும்!

இக்குறையைப் போக்க, மாணவர் தாமே ஆங்கிலத்திற் பேசிக் கைப்பேசியிற் காணொளியாகப் பதியும் முறை இந்நாளில் பல நாடுகளில் வழங்குகிறது. தமிழகத்தில் 2019-இல் தோன்றிய கல்வித் தொலைக்காட்சி மாணவர் கண்டும் கேட்டும் பயில உதவியது. தாமே படைக்கும் காணொளியோ அவர்களைப் பேசவைக்கிறது. கேலி செய்வார் இலர். எத்துணை முறையும் அழித்துப் பதியலாம்.

பேசும்போது புலப்படாத பிழை, பதிந்ததைக் கேட்கும்போது புலப்படும். 'பல்' என்னும் சொல்லிலும் 'அம்பு' என்னும் சொல்லிலும் பகரத்தின் ஒலி ஒன்றன்று. ஆயினும் தமிழில் அவ்வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை. ஆங்கிலத்திலோ அவை வேறுவேறு எழுத்துகள். முன்னைய ஒலியைப் பின்னையதன் இடத்தில் வைத்தால், கரடி பேரிக்காயாகிவிடும்! தன் குரலிலேயே இதனைக் கேட்டவன், சிரித்துவிட்டு மறுமுறை திருத்திச் சொல்வான்.

ஒரு தீங்கும் உண்டு. சிலர் எழுதிய தாளைக் கைப்பேசிக்குப் பின்னே மறைத்துவைத்துப் படிப்பர். அது வாசிப்பேயன்றிப் பேச்சன்று. அலைபாயும் கண்களே அதனைக் காட்டிக்கொடுக்கும். ஆதலால் தாம் கண்டறிந்த பொருளையே பேசுதல் நன்று. ஆவூர்த் தேவாலயத்தையோ, விராலிமலை மயில்களையோ, ஏறுதழுவுதலையோ சொல்லலாம். வாடிவாசலுக்கு ஆங்கிலச் சொல் யாது? அகராதியிற் கிடைக்காது. காளை வெளிப்படும் குறுகிய வாயில் என விளக்கத் தலைப்படும் மாணவன், அப்போதுதான் உண்மையில் ஆங்கிலம் பேசுகிறான்.

காணொளியை ஊரறியப் பரப்பவேண்டுவதில்லை. ஆசிரியர் ஒருவர் கண்டால் போதும். அவரும் பிழை அனைத்தையும் ஒருங்கே சுட்டாது, இவ்வாரம் ஓரொலி, மறுவாரம் மற்றோரொலி எனத் திருத்துவாராயின், பிள்ளைகள் மீண்டும் வாய் திறப்பர்.