மாறியதும் மறைந்ததும்

அன்பு மகளுக்கு,

தாத்தாவின் வேலைக் காகிதங்கள், லைன் வீட்டுப் படங்கள், சாம்பியன் ரீஃப் பக்கம் வீடு வீடாக இரவல் வாங்கி ஸ்கேன் செய்தவை எல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் சேர்ந்துவிட்டதாமே, உன் அப்பா சொன்னார். 2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடியபின் டிரங்குப் பெட்டிக்குள் போன காகிதங்கள் அவை. மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய். இனி உன்னிடம் இருப்பது அந்தக் கோப்புகள் மட்டும்தான்.

பப்பி லினக்ஸ் போட்டது நல்ல காரியம். ரேமிலேயே ஓடுவதால் பழைய மெஷினும் திணறாது. படங்களை மட்டும் அதன் சேவ் ஃபைலுக்குள் வைக்காதே. அது கெட்டால் உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்து போகும். ஹார்ட் டிஸ்கில் தனி ஃபோல்டர் போடு.

விடியலில் பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிறவளுக்கு ஞாயிறுதோறும் மொத்தத்தையும் பென் டிரைவில் நகலெடுக்க முடியாது. மாறியதை எடுத்தால் போதும். ஃபைண்ட் கட்டளையில் 'நியூவர்' சேர்த்து ஓர் அடையாளக் கோப்பைக் காட்டினால், அதற்குப் பின் திருத்தியவை மட்டும் வரும். புதிய அடையாளத்தை நகல் தொடங்குமுன் உண்டாக்கு. பின்னால் உண்டாக்கினால் இடையில் சேமித்தது விடுபடும். நகல் முழுதாக முடிந்த பிறகே பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அதன் இடத்தில் வை. 1902-இலேயே சிவசமுத்திரத்து மின்சாரம் பார்த்த ஊர்தான் நம்முடையது. அதற்காக ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போகாது என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

இந்த வழி தேதியை நம்பி நடக்கிறது, தொல்லையும் அங்கேதான். மதர்போர்டில் இருக்கும் 2032 வகை பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விடும். அன்று ஸ்கேன் செய்த படம் பழைய தேதியோடு உட்கார்ந்திருக்கும், ஃபைண்டின் கண்ணில் படாது. பென் டிரைவிலிருந்து தேதி மாறாமல் வந்து சேர்ந்த கோப்பும் அப்படித்தான். முதலில் பேட்டரியை மாற்று.

அழிந்த கோப்பை ஃபைண்ட் ஒருநாளும் சொல்லாது. சுரங்கத்தில் இறங்கியவர் பெயரையும் ஏறியவர் பெயரையும் ஒத்துப் பார்த்தால்தானே உள்ளே யார் என்று தெரியும்? வாரந்தோறும் எல்லாக் கோப்புகளின் பெயரையும் அளவையும் ஒரு பட்டியலாக எழுதி வை. போன வாரப் பட்டியலோடு 'டிஃப்' போட்டுப் பார்த்தால் வந்தது, போனது இரண்டும் தெரியும். தேதி ஏமாற்றிய புதுக் கோப்பும் அதில் அகப்படும்.

ஆர்சிங்க் இருந்தால் பாதி வேலை மிச்சம். அது இருபக்கமும் கோப்பின் அளவையும் தேதியையும் ஒப்பிட்டு, வேறுபட்டதை மட்டும் நகலெடுக்கும். ஃபேட் வகை பென் டிரைவில் நேரம் இரண்டு வினாடிக் கணக்கில்தான் பதிவாகும். அதனால் ஆர்சிங்க் மாறாததையும் மாறியதென்று மறுபடி நகலெடுக்கும். 'மாடிஃபை விண்டோ'வை 1 என்று வைத்தால் சரியாகிவிடும். 'டெலீட்' விருப்பத்தை மட்டும் பழக்கமாக்காதே. நீ தவறி அழித்ததை நகலிலும் அழித்துவிடும். போட்டே ஆகவேண்டுமென்றால் முதலில் 'ட்ரை ரன்' ஓட்டி, என்னென்ன போகப்போகிறது என்று படித்துவிட்டுப் போடு.

இரண்டாவது டிரைவ் வாங்கினால் அப்பாவிடம் கொடுத்தனுப்பு. எங்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும்.

உன் சித்தப்பா