கைபேசியும் கிராமப் பொருளாதாரமும்

நம் நாட்டில் கைபேசிச் சேவை தொடங்கியது 1995 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 31 ஆம் நாள். அன்று மேற்கு வங்க முதலமைச்சராயிருந்த ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து, டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அக்காலத்தில் அது செல்வர் கையில் மட்டும் இருந்த பொருள். அழைப்பவரேயன்றி அழைப்பை ஏற்பவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 2003 இல் ஏற்பவருக்குக் கட்டணம் நீங்கிய பின்னரே அது ஏர் பிடிக்கும் கைக்கும் வந்து சேர்ந்தது. இன்று களத்து மேட்டிலும் ஆட்டுப் பட்டியிலும் ஏரிக்கரையிலும் அதைக் காண்கிறோம். இக்கருவியால் கிராமத்திற்கு விளைந்த நன்மை யாது, விளையாது நின்ற நன்மை யாது, இதில் ஊராட்சி மன்றத்தினர் செய்யத்தக்கது யாது என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

கைபேசியால் வருமானம் பெருகும் என்று சொல்வோர் பலர். அதை அளந்து பார்த்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் இராபர்ட் ஜென்சன் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர். இவர் ஆராய்ந்தது நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் வடகரையோரத்தை. கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு ஆகிய மாவட்டங்களின் கடற்கரைகளில் 15 மீன் சந்தைகளையும் 300 மத்திப் படகுகளையும் தேர்ந்தெடுத்து, 1996 முதல் 2001 வரை வாரந்தோறும் கணக்கெடுக்கச் செய்தார். அவர் முடிவுகள் 2007 இல் வெளியாயின.

அங்கு முன்னர் இருந்த நிலையைக் கேளுங்கள். மத்தி மீன் அன்றன்றே விற்றாக வேண்டிய சரக்கு. அதிகாலையில் சில மணி நேரமே சந்தை கூடும். கடலில் நிற்கும் படகோட்டிக்கு எந்தக் கரையில் விலை ஏறியிருக்கிறது, எந்தக் கரையில் மீன் குவிந்துவிட்டது என்பது தெரியாது. ஒரு கரையில் விலை கிட்டாமற் போனால் மற்றொரு கரைக்குப் போவதற்குள் சந்தை கலைந்துவிடும். எண்ணெய்ச் செலவும் வீண். ஆகவே எல்லோரும் தத்தம் ஊர்க் கரைக்கே திரும்பினர். 1997 ஜனவரி 14 ஆம் நாள் வடகரைக் கடற்கரையில் 11 படகுகள் வாங்குவாரின்றி மீனைக் கொட்ட நேர்ந்தது. அதே காலை வேளையில், 15 கிலோமீட்டர் தொலைவிற்குள் அமைந்த சந்தைகளில் 27 பேர் மீன் வாங்கக் காத்திருந்து வெறுங்கையுடன் திரும்பினர். கொட்டியவனுக்கும் நட்டம், கிடைக்காதவனுக்கும் நட்டம். இடையில் இல்லாதிருந்தது ஒரு செய்தி மட்டுமே. நாள்தோறும் பிடித்த மீனில் 5 முதல் 8 சதவிகிதம் வரை இவ்வாறு பாழாயிற்று.

கைபேசிக் கோபுரங்கள் கோழிக்கோட்டில் 1997 இலும், கண்ணூரில் 1998 இலும், காசர்கோட்டில் 2000 இலும் எழுந்தன. அவற்றின் அலை கடலுக்குள்ளும் 20, 25 கிலோமீட்டர் வரை எட்டிற்று. மீனவர் கடலிலிருந்தபடியே விலை விசாரித்தனர். முன்பு பெரும்பாலும் எவரும் வெளிக் கரையில் விற்றதில்லை. பின்பு மூன்றில் ஒரு பங்கினர் விலை கிடைத்த கரைக்குப் படகைத் திருப்பினர். மீன் கொட்டுவது ஏறக்குறைய நின்றே போயிற்று. மீனவரின் இலாபம் சராசரி 8 சதவிகிதம் உயர்ந்தது. ஆயினும் மக்கள் வாங்கும் விலை ஏறவில்லை. 4 சதவிகிதம் குறைந்தது. கருவி வாங்கிய பணம் இரண்டு மாதத்தில் திரும்பிவிட்டது. இதில் அரசு மானியம் எதுவும் இல்லை என்பதையும் நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும். (மானியமின்றி ஒரு காரியம் நடந்ததென்று வட்டார அலுவலர் எழுதுவது சற்று விந்தையாகத் தோன்றலாம், ஆனால் உண்மை அதுவே.)

இதைப் படித்துவிட்டு, விவசாயிக்கு விலைச் செய்தி அனுப்பினாற் போதும், வருமானம் தானே உயரும் என்று எண்ணினால் ஏமாறுவோம். மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் அப்படியொரு சோதனை நடந்து, அதன் முடிவு 2012 இல் வெளியாயிற்று. சந்தை விலை, வானிலை, பயிர் ஆலோசனை ஆகியவை ஓராண்டுக் காலம் விவசாயிகளின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்தன. அவற்றைப் பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் கிடைத்த விலையில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை.

காரணத்தை நம் வட்டாரத்திலேயே கண்டோம். சென்ற ஆண்டு ஒரு தக்காளி விவசாயி தம் தோட்டத்து வரப்பில் நின்று, இரண்டு சந்தைகளின் அன்றைய விலையைக் கைபேசியில் நமக்குக் காட்டினார். தொலைவிலிருந்த சந்தையில் விலை கூடுதல். ஆனால் கூடைகள் ஏறிக்கொண்டிருந்ததோ அண்மைச் சந்தைக்குச் செல்லும் வண்டியில். ஏன் என்று கேட்டோம். "விலை தெரியுதுங்க ஐயா, போகத்தான் வழியில்லை. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்தது அந்த மண்டிக்காரர்" என்றார். மீனவன் படகைத் திருப்பினான். இவரால் வண்டியைத் திருப்ப இயலவில்லை. செய்தி வந்தும் அதன்படி நடக்கும் உரிமை வேறொருவர் கையில் அடகாயிருந்தது.

ஆகவே விலையறியும் வசதியோடு கூட்டுறவுக் கடன் சங்கத்திற் பயிர்க்கடன் உரிய காலத்திற் கிடைப்பதும், நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வண்டி அமர்த்திக்கொள்வதும், உழவர் சந்தையும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் எட்டும் தொலைவில் இருப்பதும் வேண்டும். இவற்றுள் வண்டி அமர்த்துவது மிக எளிது. நாம் பார்த்தவரை அதைச் செய்யாமலிருப்பதற்குப் பணமில்லாமை காரணமன்று. அண்டைத் தோட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமையே காரணம்.

இனிச் சமூக நன்மைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்த காலை, புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்திற்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் அவ்வூரைச் சேர்ந்த இளைஞர். பேரலைச் செய்தியை அங்கே அறிந்து வீட்டாரை எச்சரித்தார். ஒரு வீட்டிற்கு வந்த செய்தி அவ்வீட்டாரை மட்டும் காப்பாற்றியிருக்கும். ஆனால் அவ்வூரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் அமைந்த செய்தி மையமும், அதில் ஓர் ஒலிபெருக்கியும் இருந்தன. செய்தி ஒலிபெருக்கிக்குச் சென்றது. ஊரே கரையை விட்டு ஓடி உயிர் பிழைத்தது. தொலைபேசி ஒருவர் காதில் சொல்லும் கருவி. அதை ஊரின் காதில் சேர்க்க வேறொரு கருவியும் அதை இயக்கப் பொறுப்பான ஆளும் தேவைப்பட்டனர்.

நமது மாநிலத்தில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்துமாறு 2022 இல் அரசு அறிவுறுத்தியது. ஒருவர் பறையடித்துக்கொண்டு தெருத்தெருவாய் நடப்பது அவரை இழிவுபடுத்துவதாகும் என்பதால் அது செய்யத்தக்க செயலே. வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்பதும் அப்போதே சொல்லப்பட்டது. நடைமுறையில் நிகழ்ந்தது என்ன? கிராம சபை அறிவிப்பு, மருத்துவ முகாம், குடிநீர் நிறுத்தம் யாவும் வாட்ஸ்அப் குழுவில் இடப்பட்டன. இட்டவுடன் அறிவித்தாயிற்று என்று நாமும் பதிவேட்டில் எழுதிக்கொண்டோம்.

அதனால் நேர்ந்ததைச் சொல்லாமல் மறைத்தல் முறையன்று. வங்கி அலுவலர் என்று சொல்லிக்கொண்டு கைபேசியில் எண் கேட்டு ஏமாற்றுவோர் நம் வட்டாரத்தில் நடமாடுகின்றனர் என்று சென்ற ஆண்டு ஓர் எச்சரிக்கையை நாம் அக்குழுக்கள் அனைத்திற்கும் அனுப்பினோம். மூன்றாம் வாரம் ஒரு விதவைத் தாய் அலுவலகத்திற்கு வந்தார். நூறு நாள் வேலையில் ஆறு வாரம் மண் சுமந்த கூலி அவர் கணக்கில் இருந்தது. கணக்கு முடங்கப் போகிறது, குறுஞ்செய்தியில் வந்த எண்ணைச் சொல்லுங்கள் என்றார்களாம்; சொன்னார். கூலி முழுவதும் போயிற்று. அவரிடமிருந்தது பொத்தானை அழுத்திப் பேசும் சிறிய கருவி; வாட்ஸ்அப் அதில் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகன் ஊருக்கு வந்து பார்த்த பிறகே மோசடி தெரிந்தது. அதற்குள் நான்கு நாட்கள் கடந்துவிட்டன. நமது எச்சரிக்கை, எச்சரிக்கை தேவைப்படாதவர்களைச் சென்றடைந்திருக்கிறது.

இத்தகைய மோசடியைத் தெரிவிக்க 1930 என்னும் எண் உள்ளது. பணம் போன சில நிமிடங்களில் அழைத்தால், அது கைமாறிச் செல்லும் கணக்குகளை முடக்கிப் பிடிக்க வாய்ப்புண்டு. நாட்கள் கடந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. அவ்வெண்ணை அந்த அம்மையார் அதுவரை கேள்விப்பட்டதேயில்லை. இவர் ஒருவர் குறையன்று இது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி உடைய பெண்கள் இந்தியாவில் 54 சதவிகிதத்தினரே. வீட்டில் கைபேசி உண்டா என்று கேட்டால் உண்டு என்பர். யார் கையில் என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும். ஊராட்சி உறுப்பினர்கள் இரண்டாவது கேள்வியையும் கேட்டுப் பட்டியல் எடுத்தல் நலம். எமது வட்டாரத்தில் ஓர் ஊராட்சியில் மகளிர் சுய உதவிக் குழுவினர் இரண்டே மாலைகளில் அதை எடுத்து முடித்தனர்.

அந்த ஊராட்சியில் பின்னர் செய்தவை இவை. நியாய விலைக் கடைச் சுவரிலும் மேல்நிலைத் தொட்டியிலும் 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதினர். கணக்கு எண்ணையோ, குறுஞ்செய்தியில் வரும் இரகசிய எண்ணையோ எந்த வங்கியும் தொலைபேசியிற் கேட்காது என்று கீழே ஒரு வரி. பயிர் நோய் பற்றிக் கேட்கும் கிஸான் கால் சென்டர் எண்ணாகிய 1800-180-1551 ஐயும் அதனருகில் எழுதினர். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றி அழைக்கலாம். கிராம சபைக்கும் அவசரச் செய்திக்கும் குடிநீர் வண்டியில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாய் அறிவிக்கின்றனர். காலனித் தெருவும் கடைசித் தெருவும் விடுபடாமல் பார்த்துக்கொள்ள ஓர் உறுப்பினர் உடன் செல்கிறார். குழுவில் இடுவதும் நடக்கிறது. ஆனால் அதை மட்டும் கொண்டு பதிவேட்டில் எழுதுவதில்லை. வரும் கிராம சபையில், வண்டியைக் கூட்டாக அமர்த்தும் தக்காளி விவசாயிகளின் பட்டியல் படிக்கப்படும். நாம் மேலே சொன்ன விவசாயி அதில் தம் பெயரை இன்னும் சேர்க்கவில்லை. மண்டிக் கணக்கு தீர்ந்த பின் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மையாரின் புகார் மனு நிலுவையில் உள்ளது.