தை பிறந்த பின்: பொதுத்தேர்வு வீடுகள் இப்போது செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் பொங்கல் விடுமுறை முடிந்து மணி அடிக்கும் நாளிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஏறத்தாழ ஆறு வாரங்கள்தான் இருக்கும். பத்தாம் வகுப்புக்குச் சற்றுக் கூடுதல் காலம் கிடைக்கும். பாடங்களை நடத்தி முடித்த ஆசிரியர்கள் இந்த நாட்களில் திருப்புதல் தேர்வுகளை வைத்துக்கொண்டிருப்பார்கள். பள்ளியின் வேலை பெரும்பாலும் முடிந்து, வீட்டின் வேலை தொடங்கும் காலம் இது. பெற்றோர் உட்கார்ந்து இயற்பியலோ கணக்கோ சொல்லித்தர வேண்டியதில்லை. மாணவர் படிப்பைத் தவிர வேறு எதற்கும் அலையாதபடி பார்த்துக்கொள்வதே வீட்டின் பங்கு. அந்தப் பங்கைத் தை, மாசியிலேயே தொடங்கிவிட வேண்டும்.

முதலில் பெயரும் பிறந்த தேதியும். தேர்வு எழுதுவோரின் விவரங்களைப் பள்ளி பெயர்ப் பட்டியலாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு அனுப்புகிறது. ஹால் டிக்கெட்டிலும் மதிப்பெண் சான்றிதழிலும் அச்சாவது அதே விவரங்கள்தாம். முன்னெழுத்து தந்தை பெயருக்குரியதா, பெயரில் விடுபட்ட எழுத்து உண்டா, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பெயர்தானா, பிறந்த தேதி பிறப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் ஒத்துப்போகிறதா என்று பெற்றோர் பள்ளிக்கு நேரில் போய் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பட்டியல் பள்ளியில் இருக்கும்போது தலைமையாசிரியரிடம் சொன்னால் ஒரு நாளில் தீர்ந்துவிடும் பிழை, சான்றிதழில் அச்சான பிறகு கல்லூரிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை வழிமறிக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழையே வாழ்நாள் முழுவதும் பிறந்த தேதிக்கு ஆதாரமாகக் காட்ட வேண்டியிருப்பதால், அந்த வகுப்பில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

அடுத்தது சான்றிதழ்கள். மே மாதம் தேர்வு முடிவு வந்ததும் இ-சேவை மையங்களில் கூட்டம் நிற்பது ஆண்டுதோறும் காணும் காட்சி. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாதவர்களுக்கான முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இப்போதே விண்ணப்பித்து வாங்கி வைத்தால் அந்த வரிசையில் நிற்க வேண்டாம். வருமானச் சான்று ஓராண்டு காலமே செல்லும் என்பதால், சென்ற ஆண்டு வாங்கியதை நம்பி இருக்கக் கூடாது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் சேர விரும்பும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவருக்கு மாநிலச் சாதிச் சான்று மட்டும் போதாது. ஓபிசி சான்று தனியாக வேண்டும். இதை அறியாமல் கடைசி நாளில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடுவோர் பலர்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2020 முதலும், பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளில் அதே ஒதுக்கீடு 2021 முதலும் நடைமுறையில் உள்ளன. அதற்கு ஏழு ஆண்டுகளும் படித்த பள்ளிகளின் சான்று தேவைப்படும். நடுவில் பள்ளி மாறியவர்கள் பழைய பள்ளியிலும் கேட்டு வாங்க வேண்டும் என்பதால், பள்ளிகள் கோடை விடுமுறைக்கு மூடும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது உத்தமம். உயர்கல்வி சேரும் மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. மாணவர் பெயரில் கணக்கு இல்லையென்றாலும், இருந்தும் ஆதார் இணைக்கப்படவில்லையென்றாலும் இப்போதே சரிசெய்துகொள்ள வேண்டும். நீட் தேர்வு எழுத இருப்போரின் விண்ணப்பக் காலமும் வழக்கமாகத் திருப்புதல் தேர்வுகளுக்கு நடுவேதான் வந்து நிற்கும். அந்த விண்ணப்பத்தில் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வுகள் வரும். பலர் இவற்றைப் பொதுத்தேர்வின் ஒரு பகுதியாகவே நினைப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் செய்முறை உள்ள ஒவ்வொரு பாடத்துக்கும் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 எனப் பிரித்து 100 மதிப்பெண். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. அந்த 25இல் குறைந்தது 15 எடுத்தால்தான் தேர்ச்சி. செய்முறை நாளில் ஊரில் திருவிழா, உறவினர் வீட்டுத் திருமணம் என்று வராமல் போகும் மாணவர், எழுத்துத் தேர்வு தொடங்கும் முன்பே தேர்ச்சியை இழக்கிறார். ரெக்கார்டு நோட்டில் ஆசிரியர் கையெழுத்து விடுபட்ட பக்கங்கள் இருந்தால் இந்த வாரமே வாங்கிவிட வேண்டும். அகமதிப்பீட்டில் வருகைப்பதிவுக்கும் இடம் இருப்பதால், வீட்டில் இருந்து படிக்கிறேன் என்று சொல்லிப் பள்ளிக்கு விடுப்பு எடுப்பது நல்ல யோசனை அன்று.

இந்தக் காலத்தில் மிகுந்த கவனம் வேண்டுவது பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைகள்மேல். 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை என்ற செய்தி மாநிலத்தையே திகைக்க வைத்தது. தாய்மொழித் தேர்வு, அதுவும் முதல் தேர்வு. கடினமான வினாத்தாளுக்கு அஞ்சி அவர்கள் வராமல் இருந்திருக்க முடியாது, ஏனென்றால் வினாத்தாளை அவர்கள் பார்க்கவே இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் வேலைக்குப் போய்த் திரும்பி வராதவர்கள், பதிவேட்டில் பெயர் மட்டும் இருந்து மாதக்கணக்கில் வகுப்புக்கு வராதவர்கள் என்று பலர் அதில் அடக்கம். மில் வேலை, கடை வேலை, கட்டட வேலை, செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு பெயர்தல், பதினெட்டு வயது நிறையும் முன்பே பேசி முடிக்கப்படும் கல்யாணம் என ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையைத் தேர்வு அறையிலிருந்து வெளியே நிறுத்துகிறது.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. பெயர்ப் பட்டியலில் பெயர் இருந்தால் ஹால் டிக்கெட் வரும். வேலைக்குப் போகும் பிள்ளையின் முதலாளியிடம் தேர்வு முடியும் வரை விடுப்புக் கேட்பதைப் பெற்றோர் கூச்சமின்றிச் செய்ய வேண்டும். பெற்றோரால் முடியாவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களோ வகுப்பாசிரியரோ பேசலாம். அவர்கள் பேசினால் முதலாளி கேட்பார். குழந்தைத் திருமணம் பேசப்படுவது தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை நெடுநாளாகப் பள்ளிப் பக்கம் வரவில்லை என்று தெரிந்த மாணவரும் அதை ஆசிரியரிடம் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது.

இடையில் நின்ற பிள்ளைகளுக்கு இனிப் படித்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணமே பெரிய தடை. கணக்கு அப்படியில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் செய்முறை உள்ள பாடங்களின் எழுத்துத் தேர்வில் 70க்கு 15 எடுத்து, எல்லாம் சேர்த்து 35 வந்தால் தேர்ச்சி. இயற்பியல் வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் மட்டுமே 15. பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. கடைசியில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8. ஆறு வாரம் நாள்தோறும் ஒரு மணி நேரம் புத்தகத்தின் பின்பயிற்சி ஒரு மதிப்பெண் வினாக்களையும், இரண்டு வகை வரைதலையும் மட்டும் பழகினாலே தேர்ச்சி கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். மெல்லக் கற்கும் மாணவருக்கென்று பல பள்ளிகளில் ஆசிரியர்கள் தயாரித்துத் தரும் சுருக்கக் கையேடு இதற்கே உரியது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கையேடு போதாது. அவர்கள் பாடநூலை வரி விடாமல் படிக்க வேண்டும், ஏனெனில் பாடத்தின் உள்ளிருந்து கேட்கும் வினாக்களும் உண்டு.

பார்வை, செவி, கை அசைவு ஆகியவற்றில் குறைபாடு உள்ள மாணவருக்கும் கற்றல் குறைபாடு உள்ளவர்க்கும் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றோடு பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்தால்தான் இவை கிடைக்கும். தேர்வுக்குச் சில நாட்களுக்கு முன் கை முறிந்தவர் போன்ற அவசர நிலைகளிலும் மருத்துவரின் சான்றோடு உடனே தலைமையாசிரியரிடம் போக வேண்டும்.

மாசி, பங்குனி அம்மை பரவும் காலமும்கூட. கொப்புளம் தெரிந்தால் வீட்டில் வேப்பிலை கட்டி அடைத்து வைத்துவிட்டுத் தேர்வை விட்டுவிட வேண்டிய தேவையில்லை. மருத்துவரிடம் காட்டி, பள்ளிக்குத் தகவல் சொன்னால் தனி அறையில் எழுத ஏற்பாடு செய்வது வழக்கம். வெயில் ஏறும் நாட்கள் ஆதலால் காய்ச்சி ஆறிய தண்ணீர், மோர், இளநீர் நல்லவை. தெருவோரம் ஐஸ் கலந்து விற்கும் பானங்களைத் தேர்வு முடியும்வரை ஒதுக்குவது நல்லது. இந்த வயதில் எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பும் வீடுகள் இரவு எட்டு மணிக்கே பிள்ளையைப் படுக்க விட வேண்டும். இரவு பன்னிரண்டு வரை விழிக்க வைத்து நாலுக்கு எழுப்பினால் படித்தது தங்காது. வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பதும், விருந்தினர் வருகையைத் தள்ளிப்போடுவதும், மதிப்பெண்ணைப் பற்றிச் சொந்தக்காரர் பிள்ளையோடு ஒப்பிடாமல் இருப்பதும் செலவில்லாத உதவிகள். பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், பேசாமல், தூங்காமல் இருந்தால் அதைச் சோம்பல் என்று திட்டக் கூடாது. கல்வி தொடர்பான ஐயங்களுக்கும் மன அழுத்தத்துக்கும் 14417 என்ற இலவச உதவி எண் உண்டு.

தேர்வு மையம் பல நேரங்களில் வேறு பள்ளியாக இருக்கும். முதல் நாளே ஒருமுறை போய்ப் பார்த்து, பேருந்து எத்தனை மணிக்கு, அது தவறினால் மாற்று என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். காலை 10 மணிக்கு வினாத்தாள் கொடுத்து, 10 நிமிடம் படிக்கவும் 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்கவும் விட்டு, 10.15 முதல் 1.15 வரை எழுத வைப்பது நடைமுறை. ஒன்பது மணிக்கு மைய வாசலில் இருந்தால் பதற்றம் இல்லை. விடைத்தாளோடு தைத்த முகப்புத் தாளில் மாணவரின் படமும் விவரங்களும் அச்சாகியே இருக்கும். அது தன்னுடையதுதானா என்று பார்த்துக் கையெழுத்திட்டால் போதும். கைப்பேசி மையத்துக்குள் கூடவே கூடாது. எழுதிய விடைகள் முழுவதையும் தானே அடித்துவிட்டு வருவது ஒழுங்கீனமாகக் கருதப்பட்டு, அடுத்து வரும் தேர்வுகளையும் எழுத முடியாமல் செய்துவிடும். ஒரு தேர்வு மோசமாகப் போனால் வீட்டில் விசாரணை வைக்க வேண்டாம். அடுத்த தேர்வுக்கான புத்தகத்தை எடுத்து வைப்பதே அன்றைய மாலைக்கு உரிய வேலை.

மற்ற வகுப்புகளுக்கும் இது சும்மா இருக்கும் காலம் அன்று. ஆண்டு விழாவும் விளையாட்டு விழாவும் இந்த வாரங்களில்தான் நடக்கும். பெற்றோர் வந்து அமர்ந்தால் பிள்ளைகளுக்கு அதுவே பெருமை. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்போர் எழுதும் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வில் வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிப்ரவரியில் பள்ளியில் தரும் குடற்புழு நீக்க மாத்திரையைப் பிள்ளை விழுங்கியதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டு இறுதித் தேர்வு ஏப்ரலில் முடியும்.

பத்தாம் வகுப்பு முடிப்போர் வீட்டில் கோடையில் பேச வேண்டியது பதினொன்றாம் வகுப்புப் பாடப்பிரிவு. கணக்கை விட்டால் பொறியியல் தரவரிசைக்கு வழியில்லை, உயிரியலை விட்டால் நீட் எழுத நேர்வழி இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு, பிள்ளையின் விருப்பத்தையும் வகுப்பாசிரியரின் கருத்தையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். வணிகவியலும், தொழிற்பிரிவும், மூன்றாண்டு பாலிடெக்னிக் பட்டயமும் குறைந்தவை அல்ல.

தேர்வு முடிவுகள் வழக்கமாக மே மாதத்தில் வரும். பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் குறைவு என்று தோன்றினால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, அதை ஆசிரியரிடம் காட்டிய பிறகே மறுமதிப்பீடு கேட்க வேண்டும். நகல் வாங்காதவர் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. விண்ணப்ப நாட்கள் சிலவே என்பதால் முடிவு வந்த வாரத்தில் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. தேர்ச்சி பெறாத மாணவருக்கும், ஏதோ காரணத்தால் தேர்வுக்கு வராமல்போன மாணவருக்கும் ஜூன், ஜூலை வாக்கில் துணைத்தேர்வு நடக்கிறது. அதில் தேர்ச்சி பெற்றால் அந்த ஆண்டே மேற்படிப்பில் சேரலாம். பொறியியலிலும் அவர்களுக்கென்று துணைக் கலந்தாய்வு உண்டு.