கொலை விகிதம்: ஏழை நாட்டில்தான் அதிகமா?

நம்பிக்கை: வறுமை கூடினால் கொலையும் கூடும்.

உண்மை: அப்படியென்றால் இந்தியா அமெரிக்காவை மிஞ்சியிருக்க வேண்டும். லட்சம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை கொலை என்பதுதான் இதில் கணக்கு. 2021-ல் உலகச் சராசரி 5.8. அமெரிக்கா அதைத் தாண்டியிருந்தது. இந்தியா மூன்றைக்கூடத் தொடவில்லை.

மத்திய அமெரிக்காவைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஃபொன்சேகா வளைகுடாவின் ஒரு கரையில் எல் சால்வடார், எதிர்க்கரையில் நிகரகுவா. நிகரகுவாவின் தலா வருமானம் எல் சால்வடாருடையதில் ஏறக்குறையப் பாதி. உள்நாட்டுப் போர் இரண்டையும் உலுக்கியது. ஆனாலும் 2015-ல் எல் சால்வடாரின் விகிதம் நூறைத் தாண்டியபோது, நிகரகுவாவில் அது பத்துக்கும் கீழே.

அகதிகள் போன திசையில் ஒரு முக்கியக் காரணம் இருக்கிறது. சால்வடார்க்காரர்கள் பலர் லாஸ் ஏஞ்சலஸில் குடியேறினார்கள். அங்கிருந்த கும்பல்களுக்கு ஈடுகொடுக்க அவர்கள் பிள்ளைகளும் கும்பல் சேர்த்தார்கள். எம்எஸ்-13 என்ற கும்பல் அப்படிப் பிறந்தது. 1990-களில் அமெரிக்கா இந்தக் கும்பல்காரர்களை நாடு கடத்தத் தொடங்கியது. போர் முடிந்து, போலீஸையே புதிதாக அமைத்துக்கொண்டிருந்த நாட்டில் வந்து இறங்கினார்கள். பஸ் முதலாளியிலிருந்து பெட்டிக்கடைக்காரர் வரை மாமூல் கட்ட வேண்டியதாயிற்று. கட்டாதவர் உயிருக்கு உத்தரவாதமில்லை. நிகரகுவாக்காரர்களில் பலர் போனது மயாமிக்கு. திருப்பி அனுப்பப்பட்டவர்களும் குறைவு.

நம்பிக்கை: அந்த ஊர்க்காரர்கள் ரத்தமே அப்படி.

உண்மை: எரிச்சலூட்டும் வாதம் இது. 2012 மார்ச்சில் எல் சால்வடாரின் கும்பல் தலைவர்கள் சமரசத்துக்கு வந்தார்கள். பதிலுக்கு, சகாத்தெகொலூகா கடுங்காவல் சிறையிலிருந்து சாதாரணச் சிறைகளுக்கு மாற்றப்பட்டார்கள். தினம் 14 வரை இருந்த கொலைகள் சில வாரங்களில் ஐந்தாறாக இறங்கின. பிறகு சமரசம் முறிந்தது, 2015-ல் உச்சம். மூன்று வருடத்தில் ரத்தம் இரண்டு முறையா மாறும்?

நம்பிக்கை: எல்லாம் துப்பாக்கியால் வருவது.

உண்மை: பாதி சரி. சுவிட்சர்லாந்தில் துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை. கொலை லட்சத்துக்கு ஒன்றைக்கூட எட்டுவதில்லை. ஆனால் அமெரிக்க ஆய்வாளர்கள் சிம்ரிங்கும் ஹாக்கின்ஸும் 1990-களில் லண்டனையும் நியூயார்க்கையும் ஒப்பிட்டார்கள். திருட்டில் லண்டன் சளைத்ததல்ல. கொள்ளையில் உயிர் போவதுதான் நியூயார்க்கில் பல மடங்கு. கைகலப்போடு போகவேண்டியது, கையில் துப்பாக்கி இருந்தால் பிணத்தில் முடிகிறது.

நம்பிக்கை: தண்டனையைக் கடுமையாக்கினால் போதும்.

உண்மை: 2022 முதல் எல் சால்வடார் அதிபர் புக்கெலே எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சிறையில் அடைத்தார், பலரை விசாரணையே இல்லாமல். கொலை சரிந்தது உண்மை. அதே நாட்டில் 2003-ல் தொடங்கிய 'இரும்புக் கரம்' திட்டத்துக்குப் பிறகு கொலை ஏறியதும் உண்மை. தூக்குத் தண்டனை? ஹாங்காங் அதை 1993-ல் ஒழித்தது. சிங்கப்பூர் இன்றும் தூக்கிலிடுகிறது. இரண்டு ஊர்களிலும் கொலை விகிதம் லட்சத்துக்கு ஒன்றுக்கும் கீழேதான்.